வாட்ஸப்பில் வந்த ‘புட்ச்’ ஓஹேர் கதை: எவ்வளவு நிஜம், எவ்வளவு மசாலா?

#1 காலைத்தேநீர்

எங்கள் குடும்பக் குழுவில் பெரியப்பா இன்று காலை ஒரு நீளமான கதை அனுப்பியிருக்கிறார். இதற்கு முன்பும் இரண்டு மூன்று தடவை வேறு வேறு ஆட்களிடமிருந்து வந்த அதே கதைதான். சுருக்கமாகச் சொல்கிறேன்.

சிகாகோவில் அல் கபோன் என்ற பெரிய தாதாவுக்கு ஒரு வக்கீல். பெயர் ஈஸி எட்டி. எத்தனையோ கொலை கொள்ளைகளிலிருந்து கபோனைக் காப்பாற்றியவர். மகனுக்கு நல்ல பெயர் விட்டுப்போக வேண்டும் என்று ஒருநாள் மனம் மாறி, கோர்ட்டில் ஏறிக் கபோனுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறார். ஒரே வருடத்தில் நடுத்தெருவில் சுட்டுக் கொல்லப்படுகிறார்.

அடுத்து இரண்டாவது கதை. புட்ச் ஓஹேர் என்ற கடற்படைப் போர் விமானி. பெட்ரோல் சரியாக நிரப்பாததால் பாதி வழியில் திரும்புகிறார். வழியில் ஜப்பான் விமானங்கள் கூட்டமாக அவருடைய கப்பலை நோக்கிப் போகின்றன. தனி ஆளாக உள்ளே புகுந்து சுடுகிறார். குண்டு தீர்ந்ததும் தன் இறக்கையாலேயே எதிரி விமானங்களின் இறக்கையை வெட்டுகிறார். ஐந்து விமானம் காலி. கடைசி வரியில் சஸ்பென்ஸ்: அந்தப் புட்ச், ஈஸி எட்டியின் மகன்! அதன் கீழே கைகூப்பும் படம், “தினை விதைத்தவன் தினை அறுப்பான்”.

இதில் எது உண்மை? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பெரியப்பாவுக்கு மரியாதையாக ஒரு பதில் போட்டுவிடுவேன்.

#2 சந்தேகராமன்

இறக்கையால் இறக்கையை வெட்டினாரா? நம்ம ஊர் பட வசனகர்த்தா யாரோ எழுதியிருப்பார். முழுக்கக் கட்டுக்கதை. அடுத்த இழைக்குப் போகலாம்.

#3 விமானப்பித்தன்

சந்தேகராமன், அவசரப்படாதீர்கள். ஆள் நிஜம், அப்பா நிஜம், சண்டையும் நிஜம். மசாலாதான் பொய்.

எட்வர்ட் ஹென்றி ஓஹேர், செல்லப்பெயர் புட்ச். 1914 மார்ச் 13, செயின்ட் லூயிஸில் பிறந்தவர். அனாபொலிஸ் கடற்படை அகாடமியில் 1937-ல் படிப்பு முடித்தார். முதல் இரண்டு வருடம் நியூ மெக்சிகோ என்ற போர்க்கப்பலில் வேலை, அப்புறம்தான் பென்சகோலாவில் விமானப் பயிற்சி. அதை முடித்து விஎஃப்-3 என்ற போர் விமான ஸ்குவாட்ரனில் சேர்ந்தார். அந்த ஸ்குவாட்ரனின் சின்னம் என்ன தெரியுமா? கையில் திரி பற்றிய குண்டோடு ஓடும் கார்ட்டூன் பூனை, பெலிக்ஸ். போருக்குப் போகிறவர்களுக்கு என்ன குசும்பு பாருங்கள்.

அவருடைய ஸ்குவாட்ரன் தலைவர் ஜான் தாட்ச். கடற்படை விமானச் சண்டை பற்றிப் படிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர். இரண்டு ஜோடி விமானங்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் பறந்து, ஒன்றின் முதுகை மற்றொன்று காக்கும் ‘தாட்ச் வீவ்’ உத்தி அவருடையது. அதை முதன்முதலில் வானத்தில் சோதித்துப் பார்த்தபோது எதிரியாக நடித்துத் தாக்கியவர் புட்ச். எத்தனை தடவை பாய்ந்தும் சரியாகக் குறி வைக்க இடமே கிடைக்கவில்லை என்று இறங்கி வந்து சொன்னார்.

இனி சண்டை நாள். 1942 பிப்ரவரி 20. மாலையில் விரிவாக எழுதுகிறேன், இப்போது ஆபீஸ்.

#4 வடஏரிக்கரை

சிகாகோவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். ஓஹேர் விமான நிலையம் இவர் பெயரில்தான். அதன் வழியாக எத்தனை தமிழர்கள் போய் வந்திருப்பார்கள்! யாராவது ஓஹேர் யார் என்று கேட்டிருப்போமா? நானும் கேட்டதில்லை.

ஒரு குளிர்காலத்தில் பனியால் என் விமானம் ஒன்பது மணி நேரம் தாமதம். சாப்பிட்டாயிற்று, தூங்கியாயிற்று. சும்மா நடக்கும்போது இரண்டாவது டெர்மினலில் ஒரு முழுப் போர் விமானம் நிற்பதைப் பார்த்தேன். குட்டையாக, பீப்பாய் மாதிரி, நீலச்சாம்பல் நிறம். வைல்ட்கேட். பொம்மை என்றுதான் நினைத்தேன், பலகையைப் படித்த பிறகுதான் நிஜ விமானம் என்று தெரிந்தது. புட்ச் ஓட்டியது அல்ல, அதே ரகத்தில் வேறொன்று. மிச்சிகன் ஏரியின் அடியில் கிடந்ததைத் தூக்கி வந்து அவருடைய விமானம் போல வர்ணம் பூசி வைத்திருக்கிறார்கள்.

#5 தேன்மொழி_ம

ஏரியில் போர் விமானத்துக்கு என்ன வேலை?

#6 வடஏரிக்கரை

நல்ல கேள்வி அக்கா. போர்க்காலத்தில் இந்த ஏரியில்தான் விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கும் பயிற்சி கொடுத்தார்கள். அதற்காகப் பழைய பயணிகள் நீராவிக் கப்பல்கள் இரண்டை, பக்கவாட்டில் பெரிய சக்கரம் சுழலுமே அந்த வகை, மேலே தட்டையாகத் தளம் போட்டு மாற்றினார்கள். வுல்வரின், சேபிள் என்று பெயர். நடுக்கடலில் நீர்மூழ்கி பயம், ஏரியில் அது இல்லை. கற்றுக்குட்டிப் பையன்கள் தளத்தைத் தவறவிட்டு ஏரியில் விழுந்த விமானங்கள் நூற்றுக்கும் மேல். நன்னீர், அதுவும் ஜில்லென்ற நீர் என்பதால் அரிக்காமல் கிடந்தன. இப்போது பல மியூசியங்களில் நிற்பவை அப்படி எடுத்தவைதான்.

#7 விமானப்பித்தன்

சொன்னபடி வந்துவிட்டேன்.

முதலில் அந்த வாரம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். பேர்ல் ஹார்பர் அடி வாங்கி இரண்டரை மாதம். பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் சரணடைந்தது. 19-ல் ஆஸ்திரேலியாவின் டார்வின் மீது குண்டு. மறுநாள்தான் நம் கதை. லெக்சிங்டன் என்ற விமானந்தாங்கிக் கப்பல், வைஸ் அட்மிரல் வில்சன் பிரவுன் தலைமையில், ஜப்பான் கைப்பற்றியிருந்த ரபாவுல் துறைமுகத்தைத் திடீரென்று தாக்கப் போய்க்கொண்டிருந்தது. விஎஃப்-3 உண்மையில் சரடோகா கப்பலைச் சேர்ந்தது. ஜனவரியில் சரடோகா டார்பிடோ அடி வாங்கியதால் பையன்கள் லெக்சிங்டனுக்கு மாறியிருந்தார்கள்.

ஜப்பானின் வேவுப் படகு விமானங்கள் கப்பலைக் கண்டுபிடித்துவிட்டன. இரண்டை வீழ்த்தினார்கள், ஆனால் அதற்குள் செய்தி போய்விட்டது. ரபாவுலிலிருந்து 17 இரட்டை என்ஜின் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பின. மிட்சுபிஷி ஜி4எம், பிற்பாடு அமெரிக்கர்கள் ‘பெட்டி’ என்று பெயர் வைத்தது. தூரம் அதிகம் என்பதால் துணைக்குப் போர் விமானம் வரமுடியவில்லை. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டு அலையாக வந்தன. முதலில் ஒன்பது. லெக்சிங்டனின் வைல்ட்கேட்கள் எல்லாம் அவற்றின் மீது பாய்ந்தன. அவை சிதறி ஓட, துரத்திக்கொண்டு போய்விட்டன. அப்போது கப்பலின் எதிர்ப்பக்கத்திலிருந்து எட்டு விமானம் வருவதை ரேடார் காட்டியது. அந்தப் பக்கம் போகக்கூடிய நிலையில் இருந்தவை இரண்டே வைல்ட்கேட். ஒன்று புட்ச், மற்றொன்று அவருடைய விங்மேன் மேரியன் டூஃபிலோ.

கிட்டே போய்த் துப்பாக்கியைச் சோதித்தால் டூஃபிலோவினுடையது ஒன்றுமே சுடவில்லை. வேகமாக வளைந்து திரும்பும்போது குண்டுச்சங்கிலி சிக்கிக்கொள்வது அந்த மாடலில் எல்லோருக்கும் தெரிந்த கோளாறு. ஆக, பெட்ரோல் போதாமல் தனியாக மாட்டிக்கொண்டார் என்பது பொய். தனியானதற்குக் காரணம் கூட வந்தவரின் துப்பாக்கி.

#8 கணக்குவாத்தியார்

தம்பி, ஒரு நிமிடம். எத்தனை துப்பாக்கி, எத்தனை குண்டு?

#9 விமானப்பித்தன்

ஐயா, அந்த மாடல் வைல்ட்கேட்டில் இறக்கைக்கு இரண்டாக நாலு துப்பாக்கி. ஒவ்வொன்றுக்கும் 450 குண்டு.

#10 கணக்குவாத்தியார்

மொத்தம் 1800. விசையை அழுத்திப் பிடித்தால் ஏறத்தாழ 34 வினாடியில் தீர்ந்துவிடும் என்று படித்திருக்கிறேன். எட்டு எதிரி. தலைக்கு நாலு வினாடியும் சொச்சமும். ஒரு தும்மல் போட்டு மூக்கைத் துடைக்கிற நேரம். இதில் எதிரி மணிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் போகிறான், நீங்களும் போகிறீர்கள், இடையில் குண்டு பறக்கவும் நேரம் வேண்டும்.

சின்ன வயதில் ஓடுகிற ஓணானைக் கல்லால் அடித்துப் பார்த்தவனுக்கு இது புரியும். ஓணான் இருக்கும் இடத்தில் எறிந்தால் படாது, போய்ச்சேரப் போகும் இடத்தில் எறிய வேண்டும். அதே ஓணான் திரும்பிச் சுடவும் செய்தால் எப்படி என்று யோசியுங்கள்.

#11 விமானப்பித்தன்

அருமை ஐயா, இதைவிட எளிதாக என்னால் சொல்ல முடியாது. பக்கவாட்டில் போகும் இலக்குக்கு முன்னால் குறிவைத்துச் சுடுவதை அமெரிக்கக் கடற்படை தன் விமானிகளுக்கு விடாமல் பயிற்சி கொடுத்தது. தாட்ச் அதில் வெறியர். புட்ச் அவருடைய ஸ்குவாட்ரனில் நல்ல குறிக்காரர்.

அந்த எட்டு விமானமும் அம்பு முனை போல அணிவகுத்து வந்தன. புட்ச் நடுவில் புகவில்லை. மேலிருந்து, பக்கவாட்டில், வலது ஓரத்துக் கடைசி விமானத்தின் மீது பாய்ந்தார். பெட்டியின் வாலில் 20 மில்லிமீட்டர் பீரங்கி இருக்கும். நேர் பின்னால் போனால் அதற்கு இரையாக வேண்டியதுதான். ஓரத்திலிருந்து வந்தால் உள்பக்கத்து விமானங்களுக்குத் தங்கள் கூட்டாளியே குறுக்கே மறைப்பான். என்ஜினைக் குறிவைத்துச் சின்னச் சின்னதாய்ச் சுடுவது, கீழே போய் மறுபடி ஏறுவது, அடுத்த பாய்ச்சல். வலது ஓரம் முடிந்ததும் இடது பக்கம் மாறினார். குண்டு தீரும்வரை நாலு நிமிடமோ என்னவோ, அவ்வளவுதான். தீர்ந்ததும் விலகி வந்துவிட்டார். இறக்கையால் வெட்டுவது, மோதுவது எதுவும் கிடையாது. அவருடைய விமானத்தில் பட்டதே ஓரிரு குண்டுதான்.

திரும்பி இறங்க வரும்போதுதான் கூத்து. எதிரி என்று நினைத்து லெக்சிங்டனில் இருந்த பதற்றக்காரப் பையன் ஒருவன் அவரை நோக்கிச் சுட்டுவிட்டான். படவில்லை. இறங்கியபின் புட்ச் அவனிடம் போய், நான் சக்கரத்தை இறக்கிக்கொண்டு வரும்போதும் சுட்டாயானால் உன் அதிகாரியிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்று சொன்னதாகக் கதை உண்டு.

#12 சந்தேகராமன்

சரி, ஒத்துக்கொள்கிறேன், ஆள் நிஜம். ஆனால் ஐந்து விமானம் என்பது? நாலு நிமிடத்தில் ஐந்து? அமெரிக்காவுக்கு அப்போது ஒரு ஹீரோ தேவைப்பட்டது. நீங்களே சொன்னீர்கள், சிங்கப்பூர் போச்சு, டார்வின் போச்சு. எண்ணைக் கூட்டிப் பத்திரிகைக்குக் கொடுத்திருப்பார்கள்.

#13 விமானப்பித்தன்

பாதி சரி. பதக்கச் சான்றிதழில் ஐந்து வீழ்த்தி, ஆறாவதைக் கடுமையாகச் சேதப்படுத்தினார் என்று இருக்கிறது. போருக்குப் பிறகு ஜப்பான் ஆவணங்களோடு ஒப்பிட்டபோது, அவர் கையால் விழுந்தவை மூன்று, அடிபட்டவை மேலும் சில என்று தெரிந்தது.

ஆனால் கூட்டிக் கொடுத்தார்கள் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். எல்லா நாட்டு விமானிகளின் கணக்கும் இப்படித்தான் வீங்கியிருக்கும். புகை கக்கிக்கொண்டு அணியிலிருந்து விலகும் விமானத்தைப் பார்க்கிறீர்கள். அடுத்த வினாடி நீங்கள் வேறொன்றைக் குறிவைக்க வேண்டும். அது கடலில் விழுந்ததா, தீயை அணைத்துக்கொண்டு திரும்பி வந்ததா என்று நின்று பார்க்க முடியுமா? இதில் ஒன்றிரண்டு நிஜமாகவே தீயை அணைத்துவிட்டு அணிக்குத் திரும்பின.

#14 தேன்மொழி_ம

எனக்கு ஒன்று புரியவில்லை. ஐந்தானால் என்ன, மூன்றானால் என்ன? எட்டு விமானம் கப்பலைக் குறிவைத்து வருகிறது, கூட வந்தவனின் துப்பாக்கி ஊமை. உள்ளே போவதா, வேண்டாமா என்று முடிவு எடுக்க வேண்டிய அந்த நிமிடத்தில் அவருக்கு எண்ணிக்கை தெரியாது. அதன்பிறகு நடந்தது குறிபார்க்கும் திறமை. நாம் திறமையை எண்ணிக்கொண்டு, தைரியத்தை அளக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று. அந்த டூஃபிலோ என்ன ஆனார்? அவரைப் பற்றி யாருமே ஃபார்வர்டு அனுப்புவதில்லை.

#15 விமானப்பித்தன்

தேன்மொழி, டூஃபிலோ அதே ஆகஸ்டில், கிழக்கு சாலமன் தீவுச் சண்டையில் இறந்துபோனார். அவர் பெயரிலும் ஒரு வழித்துணைப் போர்க்கப்பல் விட்டார்கள். துப்பாக்கி வேலை செய்திருந்தால் அன்றைக்கு இரண்டு பேர் பெயர் வந்திருக்கும். ஒரு சங்கிலி சிக்கியதில் ஒருவருக்கு விமான நிலையம், மற்றவரை நீங்கள் கேட்டால்தான் தெரிகிறது.

#16 ஈப்போ_தமிழன்

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அந்த வருடங்களுக்கு ‘ஜப்பான்காரன் காலம்’ என்றுதான் பெயர். சிங்கப்பூர் விழுந்த அந்த வாரத்தை எங்கள் பாட்டி மரவள்ளிக்கிழங்கோடு சேர்த்துத்தான் நினைவு வைத்திருந்தார், அதற்குப் பிறகு சோறு கிடையாது என்பதால். தாத்தாவின் அண்ணன் சயாம் ரயில் பாதை போடக் கூட்டிப் போகப்பட்டவர், திரும்பவில்லை. ஆகவே எனக்கு ஜப்பான் ராணுவத்தின் மீது கரிசனம் அதிகம் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டீர்கள்.

ஆனாலும் கேட்கிறேன். அந்த 17 விமானத்திலும் எத்தனை பேர் இருந்தார்கள்? எத்தனை பேர் திரும்பினார்கள்?

#17 விமானப்பித்தன்

பெட்டியில் வழக்கமாக ஏழு பேர். 17 விமானத்தில் தளம் திரும்பியவை இரண்டுதான். நூறு பேருக்கு மேல் ஒரே பிற்பகலில். அமெரிக்கத் தரப்பில் இரண்டு வைல்ட்கேட்டும் ஒரு விமானியும். லெக்சிங்டனில் ஒரு கீறல் இல்லை.

துணை விமானம் இல்லாமல் அனுப்பியதுதான் காரணம், முன்பே நினைவில் வைக்கச் சொன்னேனே. இன்னொரு காரணம், அந்த விமானத்தின் உடம்பு. வெகுதூரம் போக வேண்டும் என்று எடையைக் குறைத்தார்கள். எரிபொருள் தொட்டிக்குக் கவசம் இல்லை, ஓட்டை விழுந்தால் தானாக மூடும் ரப்பர் உறையும் இல்லை. அதற்கு லைட்டர் என்றே பட்டப்பெயர்.

#18 நடுராத்திரிநாயகம்

அப்போ பெட்டி இல்லை, தீப்பெட்டி.

#19 ஈப்போ_தமிழன்

சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை.

#20 விமானப்பித்தன்

ஈப்போ அண்ணா கேட்டதற்காக இதையும் சொல்ல வேண்டும். அந்த எட்டுக்கும் தலைமை லெப்டினன்ட் கமாண்டர் இடோ. புட்ச் சுட்டதில் அவருடைய விமானத்தின் இடது என்ஜின் கழன்றே விழுந்துவிட்டது. ஒற்றை என்ஜினில் தள்ளாடிக்கொண்டு அந்த விமானம் நேராக லெக்சிங்டன் மீதே மோத வந்தது. கப்பல் திரும்பியது, பீரங்கிகள் சுட்டன, தவறிப்போய்க் கடலில் விழுந்தது. விமானத்தோடு மோதிச் சாவதற்கென்றே காமிகாசே என்று ஒரு படை உருவானது 1944 அக்டோபரில். இது அதற்கு இரண்டரை வருடம் முன்னால், யாரும் உத்தரவு போடாமல்.

கப்பலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் தப்பியதற்குப் புட்சுக்குப் பதக்கம். அந்த ஏழு பேருக்கு எந்த ஊரில் என்ன பெயர் வைத்தார்கள் என்று நான் தேடிப் பார்த்ததில்லை. தேடியிருக்க வேண்டும்.

#21 சந்தேகராமன்

இந்தப் பதிவுக்கு நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் அப்பா கதையை விடமாட்டேன். கபோனின் வக்கீல் திருந்தினார் என்பதை எப்படி நம்புவது?

#22 தேன்மொழி_ம

அதை நான் சொல்கிறேன், இந்தக் குற்றக் கதைகள் எனக்குக் கொஞ்சம் பைத்தியம்.

எட்வர்ட் ஜே. ஓஹேர் செயின்ட் லூயிஸ் வக்கீல். நாய்ப் பந்தயத்தில் நாய்கள் துரத்த ஒரு இயந்திர முயல் ஓடுமே, அதைக் கண்டுபிடித்தவருக்கு வக்கீலாக இருந்து, பிறகு அந்த உரிமையைக் கையில் வைத்துச் சம்பாதித்தவர். அந்த வழியில்தான் சிகாகோ பக்கம் கபோன் கூட்டாளிகளோடு பந்தய மைதானத் தொழில். மனைவியோடு 1927-ல் விவாகரத்து.

கோர்ட்டில் ஏறிச் சாட்சி சொன்னார் என்பது பொய். ஒரு பத்திரிகை நிருபர் மூலம் வருமானவரித் துறை அதிகாரி ஃபிராங்க் வில்சனுக்கு ரகசியமாகத் தகவல் கொடுத்தார். ஜூரிகளை விலைக்கு வாங்க ஏற்பாடு நடக்கிறது என்ற துப்பும் அவரிடமிருந்து போனதாகச் சொல்வார்கள். நீதிபதி கடைசி நேரத்தில் ஜூரிக் குழுவையே மாற்றினார். வரி ஏய்ப்பு வழக்கில் 1931-ல் கபோனுக்கு 11 வருடச் சிறை.

ஒரே வருடத்தில் கொன்றார்கள் என்பதும் பொய். அவர் சுடப்பட்டது 1939 நவம்பர் 8, எட்டு வருடம் கழித்து. காரில் போய்க்கொண்டிருந்தபோது இன்னொரு காரிலிருந்து. கபோன் விடுதலையாவதற்கு ஒரு வாரம் முன்னால். இடையில் இருந்த அந்த எட்டு வருடமும் எட்டி பந்தயத் தொழிலில்தான் இருந்தார், வசதியாகத்தான் இருந்தார். எல்லாவற்றையும் துறந்து ஏழையாகவில்லை.

#23 காலைத்தேநீர்

அப்போ மகனுக்காகச் செய்தார் என்பது?

#24 தேன்மொழி_ம

மகனை அனாபொலிஸில் சேர்க்க வேண்டும் என்ற ஆசையால்தான் உதவினார் என்று வில்சன் தரப்பு சொன்னது. புட்ச் 1933-ல் அங்கே சேர்ந்ததும் உண்மை. ஆனால் தொழில் கூட்டாளி உள்ளே போனால் தனக்கு லாபம் என்று ஒரு வக்கீல் யோசித்திருக்க மாட்டாரா? இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கலாம். ஒரு மனிதனுக்கு ஒரே காரணம்தான் இருக்க வேண்டும் என்று ஃபார்வர்டு எழுதுகிறவர்களுக்குத்தான் கட்டாயம்.

எனக்கு உறுத்துவது வேறு. அப்பா கொல்லப்பட்டபோது புட்ச் பென்சகோலாவில் பயிற்சியில் இருந்தார். இருபத்தைந்து வயது. பத்திரிகை முழுக்க அப்பாவின் பெயர், கூடவே கபோனின் பெயர். அதோடு திரும்பிப் போய் வகுப்பில் உட்கார்ந்து பயிற்சியை முடித்திருக்கிறார். இது பற்றி அந்தக் கதையில் ஒரு வரி இல்லை.

#25 இழை நிர்வாகி

கபோன் பற்றித் தனி இழை ஏற்கெனவே இருக்கிறது. இங்கே விமானியோடு நிற்போம். நன்றி.

#26 கணக்குவாத்தியார்

பதக்கம் வாங்கிய பிறகு என்ன செய்தார்? ஊர் சுற்றினாரா?

#27 விமானப்பித்தன்

சுற்ற வைத்தார்கள். 1942 ஏப்ரல் 21-ல் வெள்ளை மாளிகையில் ரூஸ்வெல்ட் முன்னிலையில் மெடல் ஆஃப் ஹானர். நம் பரம் வீர் சக்ரா மாதிரி. கழுத்தில் போட்டுவிட்டது மனைவி ரீட்டா. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அப்புறம் செயின்ட் லூயிஸில் ஊர்வலம், போர்ப் பத்திர விற்பனைக் கூட்டங்கள். கூச்ச சுபாவம், மேடை என்றால் ஆகாது. வைல்ட்கேட் தயாரித்த கிரம்மன் தொழிற்சாலைக்குப் போனபோது தொழிலாளர்கள் காசு போட்டு 1150 பெரிய பெட்டி சிகரெட் பரிசளித்தார்கள். கணக்கு ஐயாவுக்காக: 2,30,000 சிகரெட்.

அவர் மேடையில் நின்றுகொண்டிருந்த மே மாதத்தில்தான் பவளக்கடல் சண்டையில் லெக்சிங்டன் மூழ்கியது. 216 பேர் இறந்தார்கள். காப்பாற்றிய கப்பல் இரண்டரை மாதம்தான் கூடுதலாக மிதந்தது.

2018 மார்ச்சில் அந்தக் கப்பலை மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தார்கள். பக்கத்தில் கிடந்த வைல்ட்கேட் ஒன்றின் பக்கவாட்டில் குண்டைத் தூக்கிக்கொண்டு ஓடும் அந்தப் பெலிக்ஸ் பூனை, வர்ணம்கூட அழியாமல்! கீழே நாலு சின்ன ஜப்பான் கொடி. அது புட்சின் விமானம் அல்ல, நோயல் கெய்லர் என்ற இன்னொரு விஎஃப்-3 விமானியுடையது. அந்தப் படத்தை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

#28 நடுராத்திரிநாயகம்

பெட்டி பெட்டியாய் சிகரெட் வாங்கிய மனிதர் எப்படிச் செத்தார்? விமானத்திலா?

#29 விமானப்பித்தன்

ஆமாம். அதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதியும் பிடிக்காத பகுதியும்.

பதக்கம் வாங்கியவர் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டு போரைக் கழித்திருக்கலாம். அவர் 1943-ல் மறுபடி கடலுக்கு வந்தார். பயிற்சி கொடுத்த பையன்களில் ஒருவரான அலெக்சாண்டர் வ்ராஷு பிற்பாடு 19 விமானம் வீழ்த்தினார். நவம்பரில் புட்ச் என்டர்பிரைஸ் கப்பலின் விமானப் பிரிவுக்கே தலைவர். கில்பர்ட் தீவுகள் பக்கம் ஜப்பான் விமானங்கள் இரவில் வந்து டார்பிடோ போட்டன. இரவில் கப்பலிலிருந்து எழுந்து எதிரியைத் தேடும் வழக்கம் அப்போது கிடையாது. ஒரு யோசனை செய்தார்கள். ரேடார் உள்ள அவெஞ்சர் விமானம் ஒன்று நடுவில், ரேடார் இல்லாத இரண்டு ஹெல்கேட் போர் விமானம் அதன் பக்கத்தில். அவெஞ்சர் வழிகாட்டும், எதிரியின் புகைபோக்கி நெருப்பு கண்ணில் பட்டதும் ஹெல்கேட் சுடும். குருடனுக்குக் கண்ணுள்ளவன் கைபிடித்துக் கூட்டிப் போகிற மாதிரி. ‘கருஞ்சிறுத்தை’ என்று பெயர் வைத்தார்கள். இப்படிப்பட்ட சோதனைக்குப் பிரிவுத் தலைவரே போக வேண்டியதில்லை. போனார்.

நவம்பர் 26 அந்தியில் கிளம்பினார்கள். இருட்டில் மூன்றும் பிரிந்துபோயின. அவெஞ்சரை ஓட்டிய ஜான் பிலிப்ஸ் தானே இரண்டு பெட்டிகளை வீழ்த்திவிட்டார். மறுபடி சேர்ந்துகொள்ள விளக்கைப் போட்டார்கள். புட்சும் வாரன் ஸ்கானும் நெருங்கி வந்தபோது பின்னால் இன்னொரு விமானம் தெரிந்தது. அவெஞ்சரின் துப்பாக்கிக்காரர் ஆல்வின் கெர்னன் அதை நோக்கிச் சுட்டார். அடுத்த கணம் புட்சின் ஹெல்கேட் இடப்பக்கமாகச் சரிந்து இருட்டுக்குள் இறங்கியது. ஸ்கான் ரேடியோவில் கூப்பிட்டுப் பார்த்தார். பதில் வரவில்லை. மறுநாள் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. வயது 29.

#30 சந்தேகராமன்

நம்மவர்களே சுட்டுவிட்டார்களா?

#31 விமானப்பித்தன்

வெகுநாள் அப்படித்தான் பேச்சு. 1990-களில் அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள் கோணம், நேரம், அறிக்கைகள் எல்லாவற்றையும் ஒப்பிட்டு, பின்னால் வந்த பெட்டியின் முன்பக்கத் துப்பாக்கிதான் அடித்தது என்ற முடிவுக்கு வந்தார்கள். கெர்னன் பின்னாளில் பெரிய ஆங்கில இலக்கியப் பேராசிரியர் ஆனார். தன் மீதான அந்தக் கேள்வியோடு பல வருடம் வகுப்பெடுத்திருக்கிறார் மனிதர்.

#32 காலைத்தேநீர்

எல்லோருக்கும் நன்றி. பெரியப்பாவுக்கு நான் எழுதியது இது: “பெட்ரோல் கதை பொய், இறக்கை வெட்டியது பொய், அப்பா கோர்ட் ஏறியது பொய், ஐந்து என்பது மூன்று. மற்றபடி நிஜம், நீங்கள் அனுப்பியதைவிட நிஜம்தான் பயங்கரமாக இருக்கிறது.” இறக்கையால் வெட்டினால் அது அற்புதம், அதை யாரும் கற்றுக்கொள்ள முடியாது. நாலு வினாடிக் கணக்கும் ஓரத்திலிருந்து பாய்வதும் ஒருவர் கற்றுக்கொண்டு செய்தது. ஃபார்வர்டு எழுதியவர் அதைத்தான் எடுத்துவிட்டுச் சினிமாவை வைத்திருக்கிறார்.

பெரியப்பா ஒரு மணி நேரம் கழித்து, “அந்த டூஃபிலோ பையன் எந்த ஊர்?” என்று கேட்டிருக்கிறார். அதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

#33 விமானப்பித்தன்

லூசியானா மாநிலம் என்று சொல்லுங்கள்.

#34 புதுப்பயணி

இப்போதுதான் இழை முழுக்கப் படித்தேன். ஒரு சின்னச் சந்தேகம். அடுத்த மாதம் சிகாகோ வழியாகப் போகிறேன். விமான நிலையம் ஓஹேர் என்றால் டிக்கெட்டில் ஏன் ஓஆர்டி என்று இருக்கிறது? ஆர் சரி, டி எங்கிருந்து வந்தது?

#35 வடஏரிக்கரை

அந்த இடத்தின் பழைய பெயர் ஆர்ச்சர்ட் பிளேஸ். பழத்தோட்டம் என்று அர்த்தம். போர்க்காலத்தில் அங்கே டக்ளஸ் நிறுவனம் ராணுவப் போக்குவரத்து விமானம் கட்டியது, பிறகு ஆர்ச்சர்ட் ஃபீல்ட் என்ற விமான நிலையம் ஆனது. 1949-ல்தான் ஓஹேர் பெயர் வைத்தார்கள். சிகாகோ டிரிபியூன் பத்திரிகை முதலாளி மெக்கார்மிக் வற்புறுத்தியது. எழுத்தை மட்டும் மாற்றவில்லை. அதனால் உங்கள் பெட்டியில், நான் சொல்வது சூட்கேஸ், இன்னும் அந்தப் பழத்தோட்டத்தைத்தான் ஒட்டுகிறார்கள். நேரம் இருந்தால் இரண்டாவது டெர்மினல் போய் விமானத்தைப் பாருங்கள். சக்கரத்தை உள்ளே இழுக்கக் கையால் சுற்றும் கைப்பிடி அதில் உண்டு, ஏறத்தாழ முப்பது சுற்று சுற்ற வேண்டும். வெளியிலிருந்து தெரியாது, ஆனால் அது உள்ளே இருக்கிறது என்று தெரிந்து பார்த்தால் நன்றாக இருக்கும்.